தேமல் 91 சதவீதம்

ஜூன் 12, புதன்

கிளினிக்கிற்கு இன்று புதுக் கேமரா வந்தது. முகத்தை உள்ளே நுழைத்துப் படம் எடுக்கும் பெரிய மிஷின் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றரை வருடமாக அதை இயக்குவதுதான் என் வேலை. இது கையடக்கம். கை, கழுத்து, முதுகு என்று எங்கே வேண்டுமானாலும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து எடுக்கலாம். மூன்று விதமான வெளிச்சத்தில் மூன்று படம். அடுத்த நிமிடம் திரையில் கறுப்பு எத்தனை, வறட்சி எத்தனை, என்ன கோளாறு, என்ன சிகிச்சை எல்லாம் வந்து நிற்கிறது.

நானும் ஷ்ரேயாவும் ஒருத்தியை ஒருத்தி எடுத்துப் பழகினோம். ஷ்ரேயா மயிலாப்பூர்ப் பெண், இருபத்து நாலு வயது, வாய் ஓயாது. "அல்போன்சா அக்கா, உங்க கையில ஏதோ வெளுப்பா இருக்கே, அதையே எடுக்கலாம்" என்றாள். இடது முழங்கைக்குக் கீழே ஒரு பிஸ்கட் அளவுக்கு வெளுப்பு. எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெயில் பட்டதாக நினைத்திருந்தேன்.

திரையில் வந்தது: தேமல், 91 சதவீதம். பரிந்துரை: களிம்பு, நான்கு வாரம். டாக்டர் ராகவேந்திரன் அடையாறு கிளையில் இருந்தபடியே படத்தைப் பார்த்து டிக் போட்டார். கிளினிக்கே அவருடையது. இரண்டு கிளைக்கும் அவர் ஒருவர்தான், ஒரு நாளைக்கு அறுபது படம் பார்க்கிறார்.

சரி, தேமல். நிம்மதி.

ஜூன் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்து களிம்பு தடவிக்கொண்டேன். என் புருஷன் ஆண்ட்ரூ பார்த்துவிட்டு, "இன்னா அது?" என்றான். "தேமல். தொண்ணூத்தொரு சதவீதம்." "அப்ப மீதி ஒம்போது?" என்று கேட்டான். கோபாலபுரத்தில் கணக்கு வாத்தியார், வேறு எப்படிக் கேட்பான். மீதி ஒன்பதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஷில்பா பரீட்சை பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். கணக்கில் 54. அப்பாவிடம் காட்டாமல் என்னிடம் வாங்கினாள், கழுதை.

ஜூலை 10, புதன்

நான்கு வாரம் ஆகிவிட்டது. ஷ்ரேயா மறுபடி எடுத்தாள். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மிஷினே ஒப்பிட்டது. முன்னேற்றம்: 6 சதவீதம்.

எனக்கென்னவோ பெரிதாகிவிட்டது போலத் தெரிகிறது. இங்கே வருவதற்கு முன் பத்து வருடம் லஸ் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களுக்கு டச்சப் செய்துகொண்டிருந்தவள் நான். பரு, மச்சம், கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது என் வேலை. வெளுப்பின் ஓரம் எங்கே முடிகிறது என்று என் கண்ணுக்குத் தெரியாதா? ஷ்ரேயாவிடம் சொன்னேன். "அக்கா, நாம கண்ணால பாக்கறோம், அது பிக்ஸல் எண்றது" என்கிறாள்.

சரி. எண்ணிப் பார்த்த அதுக்குத் தெரியுமா, சுமந்துக்கிட்டுத் திரியற எனக்குத் தெரியுமா?

விரலால் தடவிப் பார்க்கப் போனேன். ஷ்ரேயா தடுத்துவிட்டாள். படம் எடுக்கும் அறையில் யாரும் தோலைத் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். விரலின் எண்ணெய் ஒட்டினால் படத்தில் பளபளப்பு ஏறிக் கணக்கு மாறிவிடும். வருகிறவர்களே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். அதைத் தினமும் முப்பது பேருக்குச் சொல்கிறவள் நான்தான், மறந்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

இட்லிப் பானையை இறக்கும்போது கையில் ஆவி அடித்திருக்கிறது போல. போல என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. அடித்தது எனக்குத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்தபின் ஷில்பா, "அம்மா, உன் கையில தண்ணி முட்ட" என்றாள். பெரிய கொப்புளம், அந்த வெளுப்பின் நடுவிலேயே. வலி இல்லை.

வலி இல்லையென்றால் நல்லதுதானே.

ஜூலை 15

சும்மா கொப்புளத்தைப் படம் எடுத்துப் பார்த்தேன். பூச்சிக்கடி, 64 சதவீதம் என்கிறது. இட்லிப் பானை பூச்சியா? நானும் ஷ்ரேயாவும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கொப்புளம் ஆறிவிட்டது, வெளுப்பு போகவில்லை. மிஷின் அடுத்த கட்டம் போகச் சொன்னது: பீல். மேல்தோலை உரித்தெடுக்கும் திரவம். டாக்டர் டிக் போட்டார். மதியம் ஆள் இல்லாத நேரத்தில் ஷ்ரேயா பிரஷ்ஷால் பூசிவிட்டாள். வெளுப்பைச் சுற்றிலும் மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை. "நடுவுலயும் பூசு" என்றேன். "அங்கதான்க்கா மொதல்ல பூசினேன்" என்றாள்.

வழக்கமாக வருகிறவர்கள் இரண்டாவது நிமிடத்திலேயே விசிறச் சொல்லிக் கத்துவார்கள். நான் முழு நேரமும் உட்கார்ந்திருந்தேன். "உங்களுக்குத் தாங்கற சக்தி ஜாஸ்திக்கா" என்று ஷ்ரேயா மெச்சினாள். வீட்டுக்கு வந்து ஆண்ட்ரூவிடம் பெருமையாகச் சொன்னேன். "மூணு மணி நேரம் பிரசவ வலில என் சட்டையக் கிழிச்சவதான நீ" என்றான்.

அதுவும் உண்மைதான். அப்போது தாங்காதவள் இப்போது எப்படித் தாங்குகிறேன்?

ஆகஸ்ட் 24, சனி

நாளை ஷ்ரேயாவுக்கு நிச்சயதார்த்தம். என்னையும் இழுத்துக்கொண்டு போய் பாண்டி பஜாரில் மருதாணி போட உட்கார வைத்தாள். ஜஹனாரா என்று ஒரு பெண், பிளாட்பாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், கோனைப் பிடித்தால் கை நிற்பதே இல்லை. எனக்கு இடது கையில் முழங்கை வரை கொடி போட்டாள். ஈர மருதாணி ஜில்லென்று ஏறிக்கொண்டே வந்தது. மணிக்கட்டு, அதற்கு மேல், இன்னும் மேல்.

அப்புறம் நின்றுவிட்டது.

போதும் என்று எழுந்துவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை, குனிந்து போட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளுப்பின்மேல் ஒரு பூ, இரண்டு இலை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கோன் முனை என் தோலில் ஓடுகிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாக்கா, பேய் அறைஞ்சா மாதிரி கீற? டிசைன் புடிக்கலயா?" என்றாள் ஜஹனாரா.

"பிடிச்சிருக்கு, இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடு" என்றேன். அழுத்தினாள். இல்லை.

அது என் கைதான். என் கண் முன்னால்தான் இருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நிச்சயதார்த்தத்துக்குப் போய்வந்து பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஊக்கால் குத்திப் பார்த்தேன். குத்துகிற இடத்தில் எல்லாம் பால்பென்னால் புள்ளி. வலித்தால் ஒரு நிறம், வலிக்காவிட்டால் இன்னொரு நிறம். பிறகு வலிக்காத புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டேன்.

வெளுப்பைவிட அந்தக் கோடு பெரிதாக இருக்கிறது. ஒரு விரற்கடை எல்லாப் பக்கமும் கூடுதல். படத்தில் நல்ல தோலாகத் தெரிகிற இடத்திலும் எனக்கு உணர்ச்சி இல்லை.

அப்படியென்றால் படம் பொய்யா, ஊக்கு பொய்யா? ஒருவேளை பீல் பூசியதால் மரத்துப் போயிருக்கலாம். ஆனால் இட்லிப் பானை பீலுக்கு முன்னால். களிம்பால் மரத்திருக்குமா? ஆண்ட்ரூவிடம் சொல்லலாமா? சொன்னால் மிஷின் என்ன சொல்லுது என்றுதான் கேட்பான். மிஷின் தேமல் என்று சொல்லுதுடா!

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மருதாணியும் பால்பென் கோடுமாகப் படம் எடுத்து அனுப்பினேன். மிஷின் சொன்னது: பச்சை குத்தல், 96 சதவீதம். பரிந்துரை: லேசரால் அழித்தல், ஐந்து முறை.

டாக்டர் வீடியோவில் வந்தார். "அல்போன்சா, பேனாவ அழிச்சுட்டு மறுபடி எடுங்கோ, ஒண்ணும் தெரியல" என்றார்.

"சார், அந்த இடத்துல தொட்டாத் தெரியல சார்."

"பீலுக்கப்புறம் அப்படித்தான் இருக்கும். பழைய இமேஜ் நன்னா இருக்கே?"

"இமேஜ்ல தெரியாது சார்." எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

வியாழக்கிழமை அடையாறு வரச் சொன்னார். பின்னாலேயே அடுத்த படம் வந்துவிட்டது, போய்விட்டார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

டாக்டர் அவசரமாகப் பெங்களூர் போய்விட்டாராம். அடுத்த வாரம்.

நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஆண்ட்ரூவிடம் சொல்லப்போவதில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

காலை ஏழரைக்குச் சீட்டு வாங்கி, பதினொன்றுக்குக் கூப்பிட்டார்கள். சுஹாஸ் என்று ஒரு சின்ன வயது டாக்டர். என் மொபைலில் இருந்த படங்களை எல்லாம் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தார். பஞ்சு உருளையிலிருந்து கொஞ்சம் பிய்த்துத் திரியாக்கினார்.

"கண்ண மூடிக்கங்கம்மா. நான் தொட்ட எடத்த மத்த கை விரலால காட்டுங்க."

காட்டினேன். மணிக்கட்டில். உள்ளங்கையில். மணிக்கட்டுக்கு மேலே. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இல்லை. வேறு நோயாளியைப் பார்க்க எழுந்து போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. கண்ணத் தொறங்க."

திறந்தேன். பஞ்சு என் கையின் மேலேயே இருந்தது.

முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து ஒரு நரம்பை உருட்டிப் பார்த்தார். கொஞ்சம் தடித்திருக்கிறதாம். சுண்டுவிரலை விரிக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார். "விரலுக்கு ஒண்ணும் ஆகல, சீக்கிரம் வந்துட்டீங்க. விட்டிருந்தா கை மடங்கிப் போயிருக்கும்." காதுமடலில் கீறி எடுத்தார்கள், கையில் துளி சதை எடுத்தார்கள். சதை எடுத்தபோதும் எனக்குத் தெரியவில்லை. எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பெயரைச் சொன்னார். தொழுநோய். ஆரம்பம்தான், என்றார்.

வருடம் தவறாமல் ஞாயிறு வாசகத்தில் கேட்கிற சொல். பத்துத் தொழுநோயாளர் எதிரே வந்து தூரத்தில் நின்றார்கள் என்று வரும். நான் எப்போதும் அந்த இடத்தில் ஷில்பா பேசாமல் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். தூரத்தில் நின்றவர்களைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆறு மாதம் மாத்திரை. அட்டை அட்டையாக இலவசமாகத் தருகிறார்கள். முதல் மாத்திரையை அவர் முன்னாலேயே விழுங்கினேன். "இதுக்கப்புறம் உங்ககிட்டேர்ந்து யாருக்கும் பரவாது. ஒண்ணா சாப்பிடலாம், தூங்கலாம், வேலைக்குப் போலாம். ஆனா வீட்ல இருக்கறவங்க எல்லாரையும் ஒருதடவ கூட்டிட்டு வரணும்" என்றார்.

எல்லாரையும் என்றால் ஷில்பா.

செப்டம்பர் 4

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஆண்ட்ரூவிடம் சொல்லிவிட்டேன். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தான்.

"யார்கிட்டேர்ந்து வந்துது?"

"தெரியாதாம். வருஷக்கணக்கா உடம்புல தூங்கிட்டு இருக்குமாம்."

"கிளினிக்ல எவனயாச்சும் தொட்டிருப்ப."

"நாங்க யாரையும் தொடறதே இல்ல ஆண்ட்ரூ."

நான் சொன்னதை நானே கேட்டேன். ஒன்றரை வருடம், தோலுக்கு வைத்தியம் பார்க்கிற இடம், ஒருத்தர் தோலில் ஒருத்தர் விரல் பட்டதில்லை.

"பாப்பாகூடப் படுத்துக்காத" என்றான். அவளுடைய தலையணையையும் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டான். டாக்டர் சொன்னதை எல்லாம் இரண்டு தடவை சொன்னேன். தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே ஃபேனைத் திருப்பி வைத்தான்.

செப்டம்பர் 6, வெள்ளி

என் டம்ளர், என் தட்டு, என் கரண்டி. மூன்றிலும் சிவப்பு மார்க்கரில் ஒரு புள்ளி. பள்ளிக்கூட மார்க்கர். கேட்டால், "கொழந்த இருக்கற வீடு அல்போ, ஒரு ஒழுங்குக்குத்தான்" என்கிறான். குரல் உயராமல், நல்ல மாதிரியாக.

ஒழுங்காம். பதிமூணு வருஷம் அவன் எச்சில் தட்டைக் கழுவினேனே, அது என்ன ஒழுங்கு? டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கண்ணெதிரே நீட்டினேன், படிக்கக்கூட இல்லை. நம்பரைத்தானே நம்புவே, மருந்து முழுங்கினவங்ககிட்டேர்ந்து பரவுற நம்பர் பூஜ்யம்டா!

அவன் ஸ்கூலுக்குப் போனதும் அதே மார்க்கரை எடுத்து வீட்டில் இருக்கிற அத்தனை பாத்திரத்துக்கும் புள்ளி வைத்துவிட்டேன். குக்கர், வடிகட்டி, ஷில்பாவின் டிபன் பாக்ஸ், அவன் காபி டம்ளர் வரைக்கும். கண்டுபிடிச்சுக்கட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா திருவிழா. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்கு வழக்கம் போல நடந்தே போனோம். வழக்கமாக நான் நடுவில், அவர்கள் இரண்டு பக்கமும். இன்று அவன் நடுவில். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைச் சரி செய்துகொண்டார். கொஞ்ச நேரம்தான். "சாரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெழுகுவர்த்திப் புகை என்று ஷில்பாவிடம் சொன்னேன்.

மாதாவிடம் என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. எனக்காகவா, ஷில்பாவுக்காகவா? ஷில்பாவின் இடது கன்னத்தில் ஒரு வெளிர்ப்பு இருக்கிறது. ஐந்து வயதிலிருந்தே வரும், போகும். பால் தேமல் என்போம். இன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

செப்டம்பர் 11

ஷில்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். "அவள எதுக்கு அந்த வரிசைல நிக்க வெக்கற? யாராச்சும் பாத்தா? ஸ்கூல்ல தெரிஞ்சா?" என்கிறான். தொற்றிவிடும் என்று என்னிடமிருந்து பிரித்துப் படுக்க வைக்கிறவன், தொற்றியிருக்கிறதா என்று பார்க்க விடமாட்டேன் என்கிறான். இவனோடு நான் எப்படி வாதாடுவது?

செப்டம்பர் 13, வெள்ளி

செய்யக்கூடாததைச் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஷில்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்து பெரிய மிஷினில் முகத்தை வைக்கச் சொன்னேன். ஜாலியாக வைத்தாள்.

தேமல், 88 சதவீதம்.

இதற்குச் சந்தோஷப்படுவதா? என்னுடையதற்கும் இதையேதான் சொன்னது, இன்னும் மூன்று கூட்டிச் சொன்னது. குறைவாகச் சொன்னால் நல்லதா, கெட்டதா? பஞ்சு எடுத்து நானே தொட்டுப் பார்த்தேன். கன்னத்தில் எங்கே தொட்டாலும் தெரிகிறது என்கிறாள். கண்ணை முழுசாக மூடினாளா என்று சந்தேகம். இன்னொரு தடவை தொட்டேன். இன்னொரு தடவை. கடைசியில், "அம்மா, விடும்மா, அழாதம்மா" என்றாள். நான் அழுததும் எனக்குத் தெரியவில்லை.

ஷ்ரேயா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லை, அவளிடம் சொன்னேன். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அவள்தானே அன்றைக்கு பீல் பூசினாள்.

செப்டம்பர் 14

"எங்காத்துல சொல்லிட்டேன்க்கா, சொல்லாம இருக்க முடியல. அம்மா உங்களைக் கல்யாணத்துக்கு வரச் சொன்னா" என்று ஷ்ரேயா போன் செய்தாள். வரச் சொன்னாளா, வரவேண்டாம் என்று சொன்னாளா என்று இரண்டு தடவை கேட்டேன். வரத்தான் சொன்னார்களாம்.

செப்டம்பர் 18, புதன்

டாக்டர் ராகவேந்திரன் நேரில் எங்கள் தி. நகர் கிளைக்கு வந்தார். ஷ்ரேயா சொல்லியிருக்கிறாள். ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்தேன். அதைப் பார்க்கவே இல்லை. "கையக் காட்டுங்கோ" என்றார்.

நீட்டினேன். கையுறை போடவில்லை. என் முழங்கையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்து, அந்த நரம்பைத் தேடி உருட்டினார். வெளுப்பைச் சுற்றி விரலால் தடவினார்.

"படிக்கற காலத்துல இத நான் கண்ண மூடிண்டு கண்டுபிடிப்பேன் அல்போன்சா. நீங்க சொன்ன அன்னிக்கே வந்திருக்கணும். தப்பு என்னோடது" என்றார்.

பரவாயில்லை சார் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. பரவாயில்லை என்று எப்படிச் சொல்வேன்? மூன்று மாதம் களிம்பும் பீலுமாக என் கையில் பூசினார்கள்.

மிஷின் தேமல் என்று சொன்ன அத்தனை பேரின் படத்தையும் எடுக்கச் சொன்னார். நாற்பத்து மூன்று பேர். எல்லாரையும் போனில் கூப்பிட்டு வரவழைக்கும் வேலை எனக்கு. கடிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். ஈரத்துணி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சு உருளை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து ஆண்ட்ரூவிடம், டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார் என்றேன். "அவரு டாக்டரு" என்றான்.

செப்டம்பர் 21

சுஹாஸ் டாக்டர் அலுவலகத்திலிருந்து இரண்டாம் தடவை போன். வீட்டு ஆட்களை ஏன் இன்னும் கூட்டி வரவில்லை? இம்முறை போனை ஆண்ட்ரூவிடம் கொடுத்துவிட்டேன். சரி சார், சரி சார் என்றான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மூன்று பேரும் போனோம். ஆண்ட்ரூ கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வரிசையில் நின்றான், தெரிந்தவர்கள் பார்த்துவிடக்கூடாது என்று.

முதலில் ஷில்பா. கன்னத்தைத் தொட்டு, இரண்டு கையையும் கால்களையும் முதுகையும் பார்த்து, முழங்கை நரம்பை உருட்டி, "ஒண்ணுமில்லம்மா, பசங்களுக்கு வர்ற தேமல்தான் இது" என்றார். அதே சொல். இந்தத் தடவை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். முன்னெச்சரிக்கைக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள்.

ஆண்ட்ரூ கிளம்ப எழுந்தான். "நீங்களும் சட்டையக் கழட்டுங்க சார்" என்றார் டாக்டர்.

"எனக்கெதுக்கு சார்? எனக்கு ஒண்ணும் இல்ல. ஜுரம்னு கூடப் படுத்ததில்ல."

"ஒரு நிமிஷம் சார். ரூல்ஸ்."

சட்டையைக் கழற்றினான். பனியனையும் கழற்றச் சொன்னார். திரும்பச் சொன்னார். நான் இருந்த பக்கம் முதுகு வந்தது. ஜன்னல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது.

ஏழு. சின்னதும் பெரிதுமாக. இடுப்புக்கு மேலே உள்ளங்கை அளவில் ஒன்று. ஓரம் லேசாகச் சிவந்து, நடுவில் வறண்டு. என்னுடையதைவிட ரொம்பப் பழையது என்று டாக்டர் சொல்லாமலே தெரிந்தது.

குளித்துவிட்டுப் பனியனோடுதான் வெளியே வருவான். விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவான். அவன் முதுகை அவனும் பார்த்ததில்லை. பதிமூன்று வருடம், நானும் பார்த்ததில்லை. ஊரார் முதுகை எல்லாம் மூன்று வெளிச்சத்தில் எடுத்தேன்.

டாக்டர் பஞ்சால் தொட்டுக்கொண்டே இருந்தார். ஆண்ட்ரூ கண்ணை மூடிக்கொண்டு, "ஆரம்பிக்கலாம் சார், பள்ளிக்கூடத்துக்கு லேட்டாவுது" என்றான்.

நானும் ஷில்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

செப்டம்பர் 25

யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஒரே இடத்திலிருந்து இரண்டு பேருக்கும் வந்திருக்கலாம், அவனிடமிருந்து எனக்கு வந்திருக்கலாம். ஆண்ட்ரூவுக்கு ஒரு வருடம் மாத்திரை. அதில் ஒன்று தோலைக் கறுக்க வைக்குமாம், நிறுத்தினால் மெல்ல மாறுமாம்.

நேற்றிலிருந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நல்லா வேணும் என்று ஒரு கணம் மனசுக்குள் வந்தது. எழுதித்தான் வைக்கிறேன், வந்தது. அடுத்த கணமே, அந்த முதுகை நான் ஒரு தடவையாவது பார்த்திருந்தால் என்று வந்தது. இரண்டில் எது நான்?

சாயங்காலம் பார்த்தால், பாத்திரம் தேய்க்கிற நாரால் எல்லாப் புள்ளியையும் அழித்துக்கொண்டிருக்கிறான். ஒத்தாசைக்குப் போகவில்லை நான். தேய்க்கட்டும்.

அக்டோபர் 3

நாற்பத்து மூன்றில் இருபத்தாறு பேர் வந்துபோய்விட்டார்கள். இன்று ஒருவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார் டாக்டர். அமீனா பீ, ராயப்பேட்டை. போன மார்ச்சில் நான் படம் எடுத்து, தேமல்தாம்மா, கவலைப்படாதீங்க என்று சொல்லி அனுப்பியவர். அவரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன். என் மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத முழுங்குனா மசக்க மாதிரி வருமாமா?" என்று கேட்டார். எனக்கு வரவில்லை என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து பருப்பு போட்டிருந்தேன். ஆண்ட்ரூ ஹாலில் இருந்து, "அல்போ" என்றான். பன்னிரண்டு நாளில் முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்.

"இன்னா?"

"டாக்டரு அந்த எடமெல்லாம் காயாம எண்ண தடவச் சொன்னாரு. எனக்கு எட்டல."

தேங்காயெண்ணெய் பாட்டில் அவன் பக்கத்தில் இருந்தது. எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வெங்காயம் நறுக்கினேன். தக்காளியும் நறுக்கினேன். காத்திருக்கட்டும் என்றுதான். அவன் மறுபடி கூப்பிடவில்லை.

கை கழுவிக்கொண்டு போனேன். பனியனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் முதுகைத் திருப்பி, குனிந்து உட்கார்ந்திருந்தான். பட்டப்பகலில், ஷில்பா எதிரே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கையில். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துவிட்டேன். மேலே நல்ல தோலில் கை பட்டபோது உடம்பு லேசாக விறைத்தது. கீழே வெளுப்புக்கு வந்ததும் விறைப்பு போய்விட்டது. நான் கையை எடுத்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிப் பார்த்தான். என் கை அங்கேதான் இருந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"எவ்ளோ கறுக்கும்?" என்றான், ஜன்னலைப் பார்த்து.

"கொஞ்சம் கறுக்கும்."

"பசங்க கேப்பானுங்க."

"கேட்டாச் சொல்லு."

பருப்பு பொங்கும் சத்தம் கேட்டது. ஷில்பாவைப் போய் அடுப்பை அணைக்கச் சொன்னேன். நான் எழுந்திருக்கவில்லை, இன்னும் மூன்று இடம் பாக்கி இருந்தது.